அடுப்பைக் கேட்கச் சொன்ன அக்காவுக்கு

என் வாய்க்காரி அக்கா ராமாயிக்கு,

நீங்கள் காய்ச்சலில் எங்களை விட்டுப் போய் மூன்று மாதம். பல்கலைக்கழகத்து டொக்டர் இன்று மறுபடி எங்கள் உடையார்கட்டுக்கு வந்தார். முதலில் உங்களைத்தான் விசாரித்தார். செய்தியைச் சொன்னதும் சைக்கிளை மரத்தில் சாத்திவிட்டு உங்கள் வீட்டுப் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.

அவர் முதல்முறை வந்தது நினைவிருக்கிறதா? "பிள்ளையள் ஒரு நாளைக்கு எத்தினை தரம் சாப்பிடுறவை?" என்று வீடு வீடாகக் கேட்டுப் படிவத்தில் எழுதினார். எல்லோரும் மூன்று தரம் என்றார்கள். வீட்டுக்கு வந்தவரிடம் பட்டினி என்று சொல்ல எங்கள் சனத்துக்கு வாய் வருமா? மாதர் சங்கச் செயலாளரான நானும் அதையேதான் சொன்னேன். அந்தப் படிவம் அப்படியே போனால் பிள்ளைகளுக்குச் சத்துமா வராது என்று எனக்கு உறைக்கவே இல்லை.

நீங்கள்தான் வழி மறித்தீர்கள். "ஐயா, நீங்க மரியாதையைக் கேட்டீங்க, பசியைக் கேக்கல. நேத்து அடுப்புல என்னா வச்சீங்கன்னு கேளுங்க. இல்லாட்டி நாங்களே கேக்குறோம்." இத்தனை வருடம் வன்னியில் இருந்தும் மலைநாட்டுப் பேச்சு உங்களை விட்டுப் போகவில்லை. அவரும் நல்ல மனிதர். "ஓம் அக்கா, நீங்களே கேளுங்கோ" என்றார். கேட்கத் தொடங்கும் முன்னம் நீங்கள் பாயில் விழுந்துவிட்டீர்கள்.

இன்று கொண்டுவந்த புதுப் படிவத்தில் அடுப்புக் கேள்வி இல்லை, அக்கா!

"மேலிடம் ஒத்துக்கொள்ளேல்லை, தங்கச்சி. எல்லா இடத்திலையும் ஒரே கேள்விதானாம்" என்றார்.

எனக்கு வந்த கோபம்! "அப்ப எங்கடை சங்கம் ஒரு வீட்டுக்கும் உங்களோடை வராது. படிவத்தைக் கொண்டு போங்கோ."

மனிதர் போகவில்லை. மரத்தடியில் இருந்து ஒவ்வொரு படிவத்தின் அடியிலும் உங்கள் கேள்வியைக் கையால் எழுதினார். "மேலிடத்துக்கு நான் மறுமொழி சொல்லுறன். முதல் ஆரின்ரை வீட்டிலை கேக்கிறது?"

கூடியிருந்த சங்கப் பெண்கள் எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள்.

"என்ரை வீடு. நேற்று அடுப்பு மூட்டேல்லை. எழுதுங்கோ" என்றேன் நான்.

சொல்லும்போது உடம்பு கூசியது. எழுதி முடித்ததும் கூச்சம் போய்விட்டது. சண்டையைச் சாட்டி எங்களுக்கு வரும் அரிசியை வழியில் மறிக்கிறவன் தலை நிமிர்ந்து நடக்கிறான், நான் ஏன் குனிய வேண்டும்? பக்கத்து வீட்டுக்காரி எழும்பினாள். "எங்கடையும் மூட்டேல்லை." பிறகு அவளுடைய மச்சாள். பொழுதுபடும்வரை எழுதினோம்.

சத்தியமாகச் சொல்கிறேன், அக்கா. கணக்கெடுப்பின் முடிவை எங்கள் சங்கக் கொட்டிலில் சனத்துக்கு முன்னால் வாசிக்காமல் ஒரு தாளும் இந்த ஊரைத் தாண்டாது. ஒரு பிள்ளையின் பசியை மறைத்திருந்தாலும் உங்கள் பங்குக்கும் சேர்த்து நானே சண்டை பிடிப்பேன்.

கூடப் பிறக்காத உங்கள் தங்கச்சி,
ஜெசிந்தா