ஏழடிமானத்தில் நூறு வயது

ஆவணி பௌர்ணமி, வெள்ளி.

இன்று சுமதிக்கு நாற்பத்தொன்பது. கேக்கில் 100 என்று எண் மெழுகுவர்த்திகள் வைத்தேன். பிறந்தநாளன்று வயதைப் பத்துப் பத்தாக எண்ணுவதில்லை என்பது எங்கள் வீட்டு வழக்கம். கணக்கு டீச்சரான அவள்தான் ஆரம்பித்தாள். ஏழடிமானத்தில், அதாவது ஏழு ஏழாகக் கட்டி எண்ணினால், போன வருஷத்து 48 என்பது ஆறு கட்டும் மிச்சம் ஆறும், 66. இந்த வருஷம் ஏழேழு நாற்பத்தொன்பது, ஏழு கட்டும் சேர்ந்து ஒரே பெரிய கட்டு, மிச்சமே இல்லை. அதனால் 100.

கிரிவலக் கூட்டத்தில் ஆட்டோ கிடைக்கவில்லை. பேக்கரிக்கு நடந்தே போனேன்.

"பாட்டிக்கு நூறாங்க? குடுத்து வெச்சவங்க" என்றார் கடைக்காரர்.

ஆமாம் என்றேன். கார்த்திகை தீபம் வரைக்கும் அவள் தாங்கினாலே பெரிது என்று டாக்டர் சொன்னதை அவரிடமா சொல்ல முடியும்?

சுமதியைத் தலையணையில் சாய்த்து உட்கார வைத்தேன். மூன்றையும் ஊதி அணைக்க அவளுக்கு மூச்சு போதவில்லை. நானும் சேர்ந்து ஊதினேன்.

"நம்ம கல்யாணத்துல நூறு வயசு இரும்மான்னு எல்லாரும் வாழ்த்துனாங்க. எந்த அடிமானத்துலன்னு ஒருத்தரும் சொல்லலையே" என்று சிரித்தாள். "நான் இருந்துட்டேங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. யார்மேல் என்று தெரியவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன்.

அடுத்த வருஷம் 101. அதற்கு இன்னொரு 1 வேண்டுமே என்று கடையிலேயே வாங்கிவிட்டேன். அவளிடம் காட்டவில்லை. இன்னும் சட்டைப் பையில்தான் இருக்கிறது.