கரையிறங்க இரண்டு பேர்

ஆக. 21, வெள்ளி. அல் கோபார், சவுதி.
வெளியே கால் வைத்ததும் மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது. அவ்வளவு புழுக்கம். வாங்கியது: தயிர், இட்லி மாவு, பிளேடு.

அக்டோபர் உல்லாசக் கப்பல் பயணம் உறுதி. கனடாவில், மான்ட்ரியலில் ஏறுகிறோம். நான் இங்கிருந்து, வித்யா திருச்சியிலிருந்து. கல்யாணமாகி ஆறு வருடம். ஊருக்குப் போகாத முதல் லீவு. அம்மா இன்னும் சரியாகப் பேசவில்லை.

இன்றைய வேலை: கப்பல் நிற்கும் ஊர்களில் இறங்கி எங்கே சுற்றுவது என்று தேர்ந்தெடுப்பது. பதிவு செய்ய வியாழன் கடைசி நாள்.
கியூபெக்: அருவி, மேப்பிள் காடு. முழு நாள்.
சார்லட்டவுன்: செம்மண் கடற்கரை, இலை பழுத்த சாலைகள். முழு நாள்.
ஹாலிஃபாக்ஸ்: கலங்கரை விளக்கம். முழு நாள்.
எல்லாவற்றிலும் இரண்டு பேர். 1 என்ற கட்டத்தை 2 ஆக்கும்போது விரல் ஏனோ மெதுவாகப் போனது.

பக்கத்து அறை செந்தில் அண்ணன் எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, இல பழுக்குறதப் பாக்கவா லீவு? எங்க வீட்டு பூவரசு தெனம் பழுத்துக் கொட்டுது, எம்பொண்டாட்டி கூட்டிக் கூட்டித் திட்டுறா."
கொஞ்சம் கழித்து: "உங்கிட்ட ஊருக்கு பார்சல் குடுக்கலாம்னு இருந்தேன். கப்பல்காரன் வாங்கிப்பானா?"

ஆக. 23, ஞாயிறு.
எனக்கு டியூட்டி. வித்யாவுக்கு விடுமுறை. சாயங்காலம் வீடியோ கால். குக்கர், அக்கா பிள்ளைகள், அப்பாவின் டிவி.
"கியூபெக்ல காட்டுக்குள்ள நடக்கலாம். முழு நாள்."
"ம்."
"ஹாலிஃபாக்ஸ்ல..."
"வித்யா, மிக்ஸி ஜார எங்க வச்ச?" அம்மாவின் குரல்.
போனைக் கவிழ்த்துவிட்டுப் போனாள். திரையில் இருட்டு. அதற்குள்ளிருந்து என் வீட்டுச் சத்தம். கேட்டுக்கொண்டிருந்தேன். நெடுநேரம்.

ஆக. 25, செவ்வாய்.
புழுதிக் காற்று. வேன் தாமதம்.
மதியம் வி. அழைத்தாள். அவள் வேலை செய்யும் வங்கியின் மாடிப்படியிலிருந்து. தனியாகப் பேச அவளுக்கு அங்கேதான் இடம்.
"ஏங்க, ஒன்னு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"
"சொல்லு."
"நான் கப்பல்லயே இருக்கேன். நீங்க எறங்கிப் பாத்துட்டு வாங்க."
"எங்கயுமே எறங்க மாட்டியா?"
"ரூமப் பூட்டிக்கிட்டுத் தூங்கணும். யாரும் கதவத் தட்டக் கூடாது. அத எங்க வச்ச, இத எங்க வச்சன்னு யாரும் கேக்கக் கூடாது."
"நீதான போன வருஷம் அந்த மரம் படம் அனுப்பின? செவப்பா."
"அந்தப் படத்துல யாருமே இல்ல. அத நீங்க பாக்கலையா?"

படத்தைத் தேடி எடுத்தேன். சிவப்பு மரங்கள். கீழே ஒரு பெஞ்ச், காலி. இத்தனை நாள் மரங்களை மட்டும் பார்த்திருக்கிறேன்.

எனக்கு இங்கே அறை இருக்கிறது, கதவு இருக்கிறது, யாரும் தட்டுவதில்லை. அவளுக்குக் கிடைக்காதது என்னிடம் அளவுக்கு மேல். பங்கு போட வழி தெரியவில்லை.
இரவு சாப்பிடவில்லை. தயிர் புளித்திருந்தது.

ஆக. 27, வியாழன். கடைசி நாள்.
முழு நாள் எல்லாவற்றையும் நீக்கினேன். அரை நாள். ஒருவர். 2-ஐ 1 ஆக்குவது சுலபம், ஒரே தட்டு.
செந்தில் அண்ணன்: "என்னடா, தனியாவா? சண்டையா?"
"இல்லண்ணே. அவ தூங்கப் போறா."
"தூங்குறதுக்கு எதுக்குடா கப்பலு?"

மாற்றியதை வி.க்கு அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. துணி மடித்தேன். ஏசி சொட்டுகிறது, பக்கெட் வைத்தேன்.
பிறகு அவளிடமிருந்து ஒரு வரி:
"காலைல போனா எத்தன மணிக்குத் திரும்பி வருவீங்க?"

ஆறு வருடமாக அவள் கேட்டதெல்லாம் எந்த மாதம் வருவீங்க என்றுதான்.