துவக்குக் கேட்ட காரணம்

உருத்திரபுரம்,
08.01.1962

அன்பு மகன் நாதனுக்கு,

முறிகண்டிப் பிள்ளையார் துணையில் நான் சுகமாக இருக்கிறேன். நுவரெலியாக் குளிரில் நீயும் மருமகள் நேசமலரும் காதையும் நெஞ்சையும் மூடிக்கொண்டு சுகமாக இருக்கவேண்டுமென்று அவரையே கேட்டுக்கொள்கிறேன். மற்றவற்றை எழுதுமுன் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். எங்கள் ஊர் விதானையார் சிற்றம்பலத்தைச் சுடுவதற்கு நான் துவக்குக் கேட்டதாக ஒரு கதை கிளிநொச்சிச் சந்தை வரைக்கும் போயிருக்கிறது, உனக்கும் வந்திருக்கும். அது பொய். உன் ஐயா காலமானதும் அவருடைய துவக்கைப் பொலிஸில் ஒப்படைத்தோம், அது சட்டம், அதில் எனக்குக் குறையில்லை. அதை என் பெயருக்கு மாற்றித் தரும்படி விண்ணப்பம் கொண்டுபோனபோது விதானையார் என்னைக் கதிரையில் இருத்திவிட்டு, “ஏனக்கா உங்களுக்குத் துவக்கு, ஆரைச் சுடப் போறியள்?” என்று அங்கே நின்றவர்கள் சிரிக்கும்படி கேட்டார். “முதல்லை பண்டி, பிறகு இப்பிடிக் கேக்கிற ஆக்கள்” என்றேன். சிரித்தவர்கள் பன்றியை அங்கேயே விட்டுவிட்டு மற்றதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

கச்சேரித் துரைமாருக்குப் போகிற அந்த விண்ணப்பத்தில் காரணம் எழுத ஒரு கட்டம் இருக்கிறது. நான் ‘பயிர்க் காவல்’ என்று எழுதியிருந்தேன். விதானையார் அதை வெட்டிவிட்டு ‘தனித்த விதவை, பயம்’ என்று எழுதச் சொன்னார். “பயம் எண்டு போட்டால் கச்சேரியிலை இரக்கப்பட்டு உடனை தருவினம். பொம்பிளை வயல் காக்கிறா எண்டால் ஆரக்கா நம்புவினம்?” என்றார். அவர் கெட்ட மனிதரில்லை, ஐயாவின் செத்தவீட்டில் பந்தலுக்குக் கம்பு நட்டவர். ஆனால் கேட்ட கேள்விக்கு விடை எழுது, பார்ப்பவர் இரங்கும்படி எழுதாதே என்றுதான் கொன்வென்ரில் எங்களுக்குப் படிப்பித்தார்கள். எனக்குப் பயமில்லை. இல்லாத பயத்தை இன்றைக்கு என் கையால் எழுதிக் கொடுத்தால், நாளைக்கு அதே கடதாசியைக் காட்டி, பயந்த கிழவிக்கு வயல் எதற்கு என்று கேட்பார்கள்.

உண்மையான காரணத்தைச் சொல்கிறேன், நீயும் வயலில் வளர்ந்தவன், உனக்கு விளங்கும். கதிர் பால் பிடித்து நிற்கிறது. எங்களுக்கு வடக்கே தவராசாவிடம் துவக்கு, தெற்கே அவருடைய தமையனிடம் துவக்கு. இரண்டு பக்கமும் வெடி வைத்தால் பன்றி எங்கே போகும்? வெடி கேட்காத பக்கம்தான் போகும், அது எங்கள் வயல். அவர்கள்மேல் குற்றமில்லை, அவர்கள் தங்கள் பயிரைக் காக்கிறார்கள். விடிந்ததும் வரம்பில் போய் நின்றால் உழக்கி விழுத்திய நெல்லைத்தான் பார்க்கிறேன். கூலிக்குக் காவல் நிற்கிற ஏரம்பு தகரம் தட்டிப் பார்த்தான். “பண்டிக்கு எங்கட தகரம் பழகிப்போச்சம்மா, நான் நிப்பாட்டினால்தான் ஏன் நிப்பாட்டினவன் எண்டு நிமிர்ந்து பாக்குது” என்கிறான். சிரிப்பு வந்தாலும் சிரிக்க மனமில்லை. சாப்பிட இருந்தால் எழும்பவேண்டும்போல் இருக்கிறது, எழும்பினால் எங்கே போவதென்று தெரியவில்லை, இந்தக் கடிதத்துக்குள்ளேயே இரண்டு தடவை வயல்கரைக்குப் போய்வந்துவிட்டேன். எனக்குச் சுடத் தெரியுமா என்று கேட்காதே. ஐயாவுக்குக் குளிர்காய்ச்சல் வந்த வருடம் பரணில் அவர் பக்கத்திலிருந்து சொல்லித்தர நான் வெடி வைத்தேன். தோள் வீங்கியது, பன்றி போனது.

இதையெல்லாம் சொல்லி, பயம் என்று எழுதமாட்டேன் என்றதும் விதானையார் சிரிப்பை நிறுத்திவிட்டு, “பயம் எண்டது என்ர கதையில்லையக்கா, உங்கட மகன்ர கதை” என்றார். நான் எழும்பி வந்துவிட்டேன். பிறகு உன் மச்சான் கனகலிங்கத்தைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஐயாவின் அந்தியேட்டிக் கிரியை முடிந்து போகையில் நீ அவனிடம், அம்மா தனிய இருந்து பயப்படுகிறா, வயலை நீ குத்தகைக்கு எடு, அவாவைத் தங்கச்சி அருந்ததி வீட்டில் விடலாம் என்று சொன்னாயாம். “அத்தான் சொன்னதைத்தானே மாமி விதானையாரிட்டைச் சொன்னனான்” என்று நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். வயலில் அவனுக்கு ஆசை இருப்பது பிழையில்லை. நான் செய்துகொண்டிருக்கிற வயலை, என்னிடம் ஒரு சொல் கேட்காமல் இருவரும் பங்கு பேசியதுதான் பிழை. ஐயா போன அந்த மாதம் நான் அழுதேன், நீ பார்த்தாய். அது துக்கம் மகன். அதைப் பயம் என்று யார் உனக்குச் சொன்னது?

காணிப் பத்திரத்தில் ஐயாவுக்குப் பின் உரித்தாளியாக உன் பெயர் இருப்பதால், குத்தகைக்குப் போகிற வயலுக்குக் காவல் துவக்கு எதற்கென்று கச்சேரியில் கேட்பார்களாம், உன் சொல் வராமல் விதானையார் சிபார்சு எழுதமாட்டாராம். ஆகையால் நீ எழுதவேண்டியது இதுதான்: என் தாயார் கமலாசனி இந்த வயலைத் தாமே செய்கிறார், குத்தகைக்குக் கொடுக்கும் எண்ணம் இல்லை, பயிர்க் காவலுக்கு அவர் பெயரில் துவக்குக் கொடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. வயோதிபர், தனிமை, பாவம் என்ற சொற்கள் ஒன்றும் அதில் வேண்டாம். உனக்கு அப்படி எழுத மனமில்லையென்றால் அதையும் எனக்கே நேராக எழுது, கனகலிங்கத்துக்கு அல்ல.

அருந்ததியின் பிள்ளைக்குப் பல் முளைத்துவிட்டது, எல்லோரையும் கடிக்கிறதாம். நேசமலரின் இருமலுக்கு மல்லியும் வேர்க்கொம்பும் அவித்துக் கொடு, குளிர்ந்த தண்ணீரில் தலை முழுக விடாதே. கந்தோருக்குப் போகும்போது அந்தக் கம்பளிச் சட்டையைப் போடு, அலுமாரிக்குள் வைத்துப் பூச்சிக்குக் கொடுக்காதே. நீங்கள் இருவரும் குறைவில்லாமல் நீடு வாழ என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு.

பொங்கலுக்கு வரும்போது நேரில் கதைப்போம் என்று நினையாதே. முன்பு நீ கனகலிங்கத்தோடு நேரில் கதைத்தது இங்கே என் பயமாகிவிட்டது. அதற்குள் பன்றி மிச்சத்தையும் உழக்கிவிடும். பதிலை எழுத்தில், உன் கையொப்பத்தோடு, உடனே அனுப்பு.

இப்படிக்கு,
உன் அம்மா,
கமலாசனி