ரங்கூன் அரிசி வரும் என்று எழுதியவன்

கரமனை,
25-7-1943

பிரியமுள்ள ஞானசிகாமணிக்கு,

நீலகண்டன் எழுதுவது. கடலுக்கு அப்பால் இரத்தினபுரித் தோட்டத்தில் நீ சௌக்கியமாக இருக்க வேண்டும். உன் மூன்று கடிதங்களுக்கும் நான் பதில் போடவில்லை. நேரமில்லாமல் அல்ல.

இங்கே சேதி நல்லதாக இல்லை. பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போனதிலிருந்து அரிசி வரவில்லை. ரேஷன் கடையில் தருவது ஒரு வேளைக்குக் காணாது. ஊரே மரச்சீனியை, மரவள்ளிக் கிழங்கை, நம்பிக் கிடக்கிறது. அந்தப் பெயரைச் சொன்னாலே முகம் சுளித்த எங்கள் அக்கிரகாரத்துக்காரர்கள் இப்போது அதற்காகச் சாலைக் கடைத்தெருவில் பையோடு நிற்கிறார்கள். அதற்கும் கேடு வந்துவிட்டது. நெய்யாற்றின்கரை முதல் வித்துரா வரை இலை மஞ்சளித்துச் சுருள்கிறது. பிடுங்கிப் பார்த்தால் கிழங்கு விரல் கனம்தான்.

இதைத்தான் நீ நான்கு வருஷத்துக்கு முன் சொன்னாய். இலை சுருளாத செடி மூடுகளைப் பொறுக்கி, அவற்றின் கம்பையே மறுபடி மறுபடி நட்டால் நோய் தாங்கும் இனம் கிடைக்கும், மூன்று வருஷம் வேண்டும் என்று சர்க்கார் ஆராய்ச்சி நிதிக்கு மனுப் போட்டாய். நிதிக் குழுவின் காரியதரிசி நான். மனு தள்ளுபடியானபோது, 'எனக்காகப் பாடுபட்டிருப்பாய், நன்றி' என்று எழுதிவிட்டு, கிழங்கு நட்ட விளையை விற்றுக் கப்பலேறினாய்.

நான் பாடுபடவில்லை, ஞானம். காலேஜில் நாம் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள் என்பது குழுவில் எல்லோருக்கும் தெரியும். சிநேகிதனுக்குச் சலுகை காட்டினான் என்று பெயர் வந்துவிடுமோ என்று பயந்தேன். வேறு எவன் மனுவாக இருந்தாலும் அவன் ஆராய்ச்சி நோட்டுப் புத்தகங்களைக் கேட்டு வாங்கிப் படித்திருப்பேன். உன்னிடம் கேட்கவே இல்லை. 'ரங்கூன் அரிசி தாராளமாக வருகையில் இந்தக் கிழங்குக்கு அவசரமில்லை' என்று குறிப்பு எழுதினேன். குழு அதை அப்படியே ஏற்றுக்கொண்டது. நேர்மையாக நடந்துகொண்டேன் என்று தலைவர் என்னைப் பாராட்டினார்.

போன மாதம் அதே குழு, அதே வேலைக்குப் பணம் ஒதுக்கி, மதராஸிலிருந்து ஒருவரை நியமிக்கத் தீர்மானித்தது. உன் கம்புகள் எங்காவது மிஞ்சியிருந்தால் கொண்டுவா என்று என்னை உங்கள் ஊருக்கு, வித்துராவுக்கு, அனுப்பினார்கள். உன் விளையில் இப்போது மிளகு. ஆனால் உன் அக்கா எலிசாள் வீட்டுக் கொல்லையில் இரண்டு வரிசை நிற்கிறது. சுற்றிலும் எல்லாம் சுருண்டு கிடக்க, அவை மட்டும் கரும்பச்சை.

கம்பு கேட்டேன். அவர் தரவில்லை. "அவன் போவும்போ பத்திரமாப் பாத்துக்கோ அக்கான்னு சொல்லிட்டுப் போனான். வருஷா வருஷம் வெட்டி நட்டு வைக்கேன். அவன் வந்து கேட்டா எடுத்துக் குடுப்பேன். சர்க்காருக்குக் குடுக்க மாட்டேன், சாரே" என்றார். அதற்குமேல் மறைக்க முடியவில்லை. உன் மனுவைத் தள்ளவைத்த குறிப்பை எழுதியது நான்தான் என்று சொல்லிவிட்டேன். அவர் எழுந்து அடுக்களைக்குப் போனார். பிறகு கிழங்கு அவித்து, மிளகுச் சம்மந்தித் துவையலோடு இலையில் வைத்தார். "நடந்து வந்தவரு, தின்னுங்க" என்றார். உங்கள் வீட்டில் நான் கை நனைத்தது அதுதான் முதல் தடவை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நீ அக்காவிடம் விட்டுப்போன நோட்டுப் புத்தகங்களையும் அங்கேயே உட்கார்ந்து படித்தேன். குழுவில் ஒருவரும் உன் அளவுக்கு அந்தச் செடியைப் பார்த்ததில்லை.

திரும்பி வந்து, முந்தைய குறிப்பு தவறு, நோட்டுகளைப் பார்க்காமல் எழுதியது, வேலை ஞானசிகாமணிக்கே உரியது என்று கையொப்பமிட்டுக் கொடுத்தேன். தலைவருக்குக் கோபம். எனக்குக் காரியதரிசி வேலை போய்விட்டது. அடுத்த வாரம் முதல் ஸ்டேஷனரிப் பிரிவு. ஆனாலும் மதராஸ்காரர் நியமனத்தை ஆவணி கடைசிவரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மனுப் பாரத்தை இதோடு வைத்திருக்கிறேன். இந்தத் தடவை அதைப் படிக்கப்போகிறவன் நான் இல்லை.

எனக்காக வர வேண்டாம். வந்த பிறகு என்னோடு நீ பேச வேண்டும் என்றும் இல்லை. அக்கா தனியாகத் தண்ணீர் சுமந்து ஊற்றுகிறார். முழங்கால் வீங்கியிருக்கிறது, உனக்கு எழுத வேண்டாம் என்றார். பாரத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு, கிடைக்கிற முதல் கப்பலில் புறப்படு. கடல் உனக்கு நல்ல வழி கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உன் சிநேகிதன் என்று எழுதிக்கொள்ள உன் அனுமதியைக் கேட்கும்,
நீலகண்டன்