பெ-1க்குப் பூசிய மஞ்சள்

ஜூன் 3, செவ்வாய்

மேகம் மட்டும். மழை இல்லை. பெரியநாயக்கன்பாளையத்துக்கு மேற்கே, ரங்கசாமி அண்ணன் தோட்டத்துக் குட்டை. கணுக்கால் அளவு தண்ணீர். காலை எண்ணிக்கை: பெரிய தவளையில் ஆண் ஒன்பது, பெண் ஒன்றே ஒன்று. பெ-1 என்று பெயர். வயிறு நிறைய முட்டை. சுற்றிலும் பட்டறை, லேஅவுட். வேறு குட்டை கிடையாது.

வாங்க: கையுறை, பேட்டரி, கொசுவர்த்தி.

கைடு சார் போன். மழை விழுந்ததும் ஆண் மஞ்சளாகிறதே, தொண்டைப் பை நீலமாகிறதே, அது பெண்ணுக்குப் பிடித்துப் பிடித்துத் தலைமுறை தலைமுறையாக வளர்ந்ததா, நானும் ஆண்தான் என்று மற்ற ஆணுக்கு அடையாளம் காட்டவா என்றார். பெ-1 யாரிடம் போகிறாள் என்று பார்த்தால்தான் தெரியும். மூன்று வருட ஆராய்ச்சி இந்த ஒருத்தியை நம்பி. பயமாக இருக்கிறது.

ஜூன் 5, வியாழன்

வெயில். ரங்கசாமி அண்ணனும் அவர் மனைவி சரசு அக்காவும் குட்டைக்கே வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயிலில் மழைக்காகத் தவளைக் கல்யாணம். போன வருடம் பிடித்த ஜோடி இரண்டும் ஆணாம், அதனால்தான் மழை பொய்த்தது என்று ஊரில் பேச்சு.

"ஏனுங்க அம்மணி, பொட்டத் தவக்களை எதுன்னு உங்களுக்குத்தானுங்க தெரியும். நீங்களே பொறுக்கிக் குடுத்துப்போடுங்க" என்றார் அண்ணன்.

என் படிப்பை இந்த ஊரில் ஒருத்தர் கேட்பது முதல் தடவை. தலைகால் புரியவில்லை. ஆணின் தடித்த முன்கை, கட்டைவிரல் சொரசொரப்பு, எல்லாம் தொட்டுக் காட்டி ஒரு மணி நேரம் விளக்கம். ஆ-4, பெ-1 என்று கையும் காட்டிவிட்டேன். முடிந்ததும் திருப்பி விட்டுவிடுவதாக வாக்கு.

மாட்டேன் என்றிருக்கலாம்.

ஜூன் 8, ஞாயிறு

ஏழரைக்கு முகூர்த்தம். தாம்பாளத்தில் இரண்டும். சரசு அக்கா பெ-1க்கு மஞ்சள் அரைத்து முதுகு, வயிறு, கால் என்று பூசினார். ஆ-4க்குப் பொட்டு மட்டும். தவளை தோலாலும் மூச்சு விடும். அங்கே அது எனக்கு மட்டும் தெரியும். வாயைத் திறக்கவில்லை. எல்லாரும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்கள். பந்தியில் என்னைப் பெண் வீட்டுக்காரி என்று உட்காரவைத்தார்கள். சிரித்தேன். கேசரி இரண்டு தடவை வாங்கினேன்.

ஊர்வலம் முடிந்து குட்டையில் விடும்போது மணி பதினொன்று. ஆ-4 குதித்துப் போனது. பெ-1 அசையாமல் மிதந்தது. கழுவிக் கழுவிப் பார்த்தேன். மஞ்சள் போகவில்லை.

ஜூன் 11, புதன்

மழை. மத்தியானம் பிடித்தது, விடவே இல்லை. குட்டை பாதி நிறைந்துவிட்டது.

சரசு அக்கா குடையோடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க பொறுக்கிக் குடுத்த ராசிங்க கண்ணு. பொண்ணு நல்லா இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க்கா" என்றேன்.

ஒன்பது ஆணும் பளிச்சென்று மஞ்சள். தொண்டைப் பை ஊதி ஊதி, மூச்சு விடாமல் கத்துகின்றன. அழுகையாக வருகிறது. குறிப்பு எழுதத்தான் வேண்டும்.

நெருங்கிய பெண், நாலு மணி: 0.

ஐந்து மணி: 0.

ஆறு மணி: 0. ஆ-4 போய் ஆ-7ஐக் கட்டிப் பிடித்திருக்கிறது. விடுவதாக இல்லை.