காலண்டரில் ஒரு பதினெட்டு

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உன் தம்பியும் சுகமாக இருக்கிறோம், நீ எப்படி இருக்கிறாய் என்று இந்த முறை உன்னிடம் கேட்கப் போவதில்லை. கேட்டால் "நல்லா இருக்கேன்பா, முதுகுதான் கொஞ்சம் பிடிச்சிருக்கு" என்பாய், நானும் சரி என்று நம்பித் தொலைப்பேன். அதனால் நேற்று மாப்பிள்ளைக்கே நேராகப் போன் போட்டுவிட்டேன். அவரும் பாவம், முதலில் முதுகு என்றுதான் ஆரம்பித்தார். எல்லாம் தெரியும் மாப்பிள்ளை, எனக்கே தையல் கதை வந்து சேர்ந்துவிட்டது என்றதும் அந்தப் பக்கம் பேச்சையே காணோம், லைன் போய்விட்டதோ என்று இரண்டு தடவை ஹலோ சொன்னேன். உன்னோடு போனில் பேசத்தான் நினைத்தேன், உன் அம்மா விடவில்லை. "இந்த வாயோட அவகிட்ட பேசாதீங்க, எழுதுங்க, எழுதும்போதாவது கொஞ்சம் யோசிப்பீங்க" என்றாள். யோசித்துத்தான் எழுதுகிறேன், இது நாலாவது தாள், முதல் மூன்றையும் கிழித்துப் போட்டாயிற்று.

எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேள். போன செவ்வாய்க்கிழமை காலையில், கண் ஆஸ்பத்திரி இருக்கிறதே அந்த மூன்று மாடிக் கட்டடத்தில் லிஃப்டுக்கு மாதாந்திர சர்வீஸ். மீட்டர் மேலே மெஷின் ரூமில் இருந்தான் (என்னோடு இருபது வருஷமாக வேலை பார்க்கிறவன்தான், வாய் ஓயாமல் ஓடுவதால் இந்தப் பெயர் என்று உனக்குத் தெரியும்), நான் கூண்டுக்குக் கீழே இருக்கும் குழியில் இறங்கித் தேங்கிய எண்ணெயைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மேலே பார்த்து அவனை ஒரு சத்தம் போட்டேன், அந்தக் குரலைக் கேட்டு வெளியே நின்ற ஓர் அம்மா குனிந்து எட்டிப் பார்க்கிறார், யாரென்று பார்த்தால் மாப்பிள்ளையின் அம்மா, கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார். என் தலை அவர் செருப்பு உயரத்தில் இருக்கிறது. "சம்பந்தி, நீங்களா? தையல் போட்டு எட்டு வாரம் தாண்டிடுச்சு பாத்தீங்களா, இனிமே பெரிய பயமில்லன்னு டாக்டர் சொல்லிட்டாங்களாம், தாத்தா ஆகப்போற நேரத்துல இன்னும் இப்படிக் குழியில இறங்கிட்டு இருக்கீங்களே" என்கிறார். கையில் எண்ணெய்த் துணியோடு அந்தக் குழிக்குள் நின்று நான் தாத்தாவானேன் பாப்பா, உலகத்தில் வேறு எவனும் அப்படி ஆகியிருக்க மாட்டான். எனக்கு ஒன்றும் தெரியாது என்று அவரிடம் சொல்லவும் மானம் இடம் கொடுக்கவில்லை. "ஆமாம்மா, எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்று சிரித்து அனுப்பிவைத்தேன். அவர் போன பிறகும் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தேன். மீட்டர் இறங்கி வந்து கை கொடுத்துத்தான் தூக்கினான்.

வீட்டுக்கு வந்து பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்று எத்தனை வாரம் என்று மட்டும் கேட்டேன். உன் அம்மா திரும்பாமலேயே "இருபத்தாறு" என்றாள். நான் தையல் போட்ட அந்த எட்டு வாரமாக மட்டும்தான் மறைத்திருப்பீர்கள் என்று நினைத்தேன், இருபத்தாறு வாரம்! ஆறு மாதமாக இந்த வீட்டில் எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு, பல்வலிக்கு என்ன செய்யலாம், தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறதே என்று என்னிடம் பேசிக்கொண்டு, துணி உலர்த்துகிறேன் என்று மாடிக்குப் போய் அரைமணி நேரம் உன்னோடு ரகசியம். ஒரு வாளித் துணிக்கு அரைமணி நேரம் எதற்கு என்று ஒரு நாளாவது எனக்குத் தோன்றியதா? இல்லை. உன் தம்பிக்கும் தெரியும். உன் மாமியாருக்குத் தெரியும். உன் அப்பனுக்கு மட்டும் தெரியக்கூடாது.

அப்புறம்தான் அந்தக் காலண்டர் ஞாபகம் வந்தது. பிரிட்ஜ் பக்கத்தில் தொங்குகிறதே, அதில் உன் அம்மா பென்சிலால் தேதிகளுக்குக் கீழே சின்னதாக எண் எழுதி வைத்திருந்தாள். முதலில் 31, அடுத்த வாரம் 25, அதற்கடுத்த வாரம் 18. நான் பார்த்துவிட்டு இது என்ன கணக்கு என்று கேட்டேன், அவள் கொஞ்சம்கூடத் தடுமாறாமல் "அவ ஊர்ல குளிர் எவ்வளவுன்னு குறிச்சு வைக்கிறேன்" என்றாள். மூணு வாரத்தில் முப்பத்தொண்ணிலிருந்து பதினெட்டுக்கு இறங்குகிறதே, இது என்ன ஊர் என்று நான் பதறினேன். காலுறை போட்டுக்கொள், ஜன்னலைச் சாத்தி வை, தலையில் துணி கட்டிக்கொள் என்று உனக்கு நான் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? நீயும் "சரிப்பா" என்றாய். அது குளிர் இல்லையாம், உன் கர்ப்பப்பை வாயின் நீளமாம், மில்லிமீட்டரில். பதினெட்டு என்று எழுதிய அன்றுதான் உன்னை உடனே சேர்த்துத் தையல் போட்டார்களாம். அன்று சாயங்காலம் நான் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, நம் ஊரில் இப்படிக் குளிர் வந்தால் எவ்வளவு சுகமாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டே டீ குடித்தேன். பாப்பா, இந்த வீட்டில் மில்லிமீட்டர் தெரிந்த ஒரே ஆள் நான். கதவுக்கும் தரைக்கும் இடையே இரண்டு மில்லிமீட்டர் கூடினால் ராத்திரி தூக்கம் வராது எனக்கு. என்னிடம் மறைக்க உங்களுக்கு வேறு எதுவும் கிடைக்கவில்லையா?

முதுகு என்ற பொய்யாவது வேண்டாம் என்று உனக்குத் தோன்றவில்லையே. வீடியோவில் எப்போது பார்த்தாலும் அதே நீலத் தலையணை, அதே சுவர், ஏன் படுத்தே இருக்கிறாய் என்று கேட்டதற்கு சோபாவை நகர்த்தினேன் பிடித்துக்கொண்டது என்றாய். முதுகுவலி எனக்குத் தெரியாதா, முப்பது வருஷமாகக் கூடவே குடியிருக்கிறதே, அதனால் தெரிந்ததைச் சொன்னேன். படுக்காதே, எழுந்து நட, படிக்கட்டு ஏறி இறங்கு, குனிந்து நிமிர் என்று வாரா வாரம் சொன்னேன். சொன்னபடி செய்தாயா என்று மிரட்டவும் செய்தேன். நீ என் பேச்சைக் கேட்டு ஒரு நாள் எழுந்து படியேறியிருந்தால்? பொய்யான நோயைச் சொன்னால் அதற்குத் தகுந்த வைத்தியத்தைத்தானே ஒருவன் சொல்லுவான். போதாக்குறைக்கு நான்கு கடை ஏறி இறங்கி, நான் வேலையில் கட்டுகிற மாதிரியே ஓர் இடுப்புப் பெல்ட் வாங்கிப் பார்சலில் அனுப்பினேன். "பெல்ட் ரொம்ப உதவியா இருக்குப்பா" என்றாயே, அதை நம்பி மீட்டரிடம் பெருமையாகச் சொன்னேன். பார்சலையே பிரிக்கவில்லை என்று நேற்று மாப்பிள்ளை சொன்னார்.

ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று உன் அம்மாவைக் கேட்டேன், கத்தித்தான் கேட்டேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். போன தடவை ஐந்தாம் மாதத்தில் அந்தப் பிள்ளை போனபோது நான் போனில் உன்னிடம் என்ன சொன்னேன் தெரியுமா என்று கேட்டாள். எனக்கு ஞாபகமே இல்லை. "அஞ்சு மாசம்கூடப் பத்திரமா வச்சுக்கத் தெரியலையா, மாடிப்படி ஏறாதேன்னு சொன்னேனா இல்லையா" என்று சொன்னேனாம். நான் அப்படிச் சொல்லவே இல்லை, நீ இட்டுக்கட்டிப் பேசுகிறாய் என்று அவளிடம் பாய்ந்தேன். உன் தம்பி அறையிலிருந்து வந்து "சொன்னீங்கப்பா, ஸ்பீக்கர்ல இருந்துச்சு" என்றான், அவ்வளவுதான், திரும்பிப் போய்விட்டான்.

அந்தப் பிள்ளை போன அன்று காலையில் செய்தி வந்ததும் நான் மெஷின் ரூமில் உட்கார்ந்து அழுதேன் பாப்பா, அது உனக்குத் தெரியாது, மீட்டர் மட்டும்தான் பார்த்தான். அப்படி அழுதவன் அன்றைக்கே சாயங்காலம் உன்னிடம் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறேன். உன் அம்மா இதோடு விடவில்லை. பழைய கட்டடத்தில் இரண்டாம் மாடிக் கதவு, கூண்டு வராதபோதே திறந்துகொண்டு ஒரு பெண் விழுந்து கால் ஒடிந்ததே, அந்தக் கதையை எடுத்தாள். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது சாப்பாட்டு நேரத்தில் நூறு தடவை சொல்லியிருப்பேன். கட்டடக்காரர் அந்தப் பெண் கதவைப் பலமாக இழுத்துவிட்டாள் என்றார், நான் பூட்டின் நாக்கு தேய்ந்துபோயிருக்கிறது, யார் தொட்டாலும் திறந்திருக்கும், கடைசியாகத் தொட்டவர் மேல் பழி போடாதீர்கள் என்று ரிப்போர்ட்டில் எழுதிக் கொடுத்தேன், வேலையே போகிற மாதிரி ஆயிற்று. "யாரோ ஒரு பொம்பளைக்காக மல்லுக்கு நின்னீங்க, பெத்த பொண்ணுக்கு அந்த நியாயம் கிடையாதா" என்று கேட்டாள். பூட்ஸைக் கழற்றிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நேற்று மாப்பிள்ளை பொறுமையாக எனக்கு விளக்கினார். மாதம் ஆகும்வரை மூடியிருக்க வேண்டிய வாய், பலமில்லாவிட்டால் பாரம் ஏற ஏற வலிகூட இல்லாமல் தானாகத் திறந்துகொள்ளுமாம். போன தடவை படி ஏறியதாலோ வேலைக்குப் போனதாலோ நேர்ந்தது இல்லை, நீ செய்த தப்பு எதுவும் இல்லை என்று டாக்டர் அப்போதே சொன்னாராம். நான் சொன்னதுதான் உன் காதில் தங்கியிருக்கிறது, டாக்டர் சொன்னது தங்கவில்லை. அதனால் இப்போது எழுதியே தருகிறேன், வைத்துக்கொள். தப்பு உன்னுடையது இல்லை. அந்த வார்த்தை என்னுடையது, சொல்லியிருக்கக்கூடாது, சொன்னதையே மறந்தது அதைவிட மோசம். அதற்காக ஆறு மாதம் என்னை முட்டாளாக்கியது சரி என்று ஆகிவிடாது. திட்டியிருக்கலாம், மாதக்கணக்கில் பேசாமல் இருந்திருக்கலாம், தாங்கியிருப்பேன். நீ சிரித்த முகத்தோடு பொய் சொல்லிவிட்டாய், அதுதான் ஆறவில்லை. பயத்தோடு படுத்துக்கிடந்த நேரத்தில் என்னை வேண்டாம் என்று நினைத்துவிட்டாயே.

உன் தம்பிக்குப் பரீட்சை முடிந்தது, ஒழுங்காக எழுதியதாகச் சொல்கிறான், இந்த வீட்டில் யார் சொல்வதையும் இனி ஒரு தடவைக்கு இரண்டு தடவை விசாரித்துத்தான் நம்புவேன். உன் அம்மாவின் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியாயிற்று. தொட்டி ஒழுகல் நின்றது. நீ முழுநேரமும் படுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லவே இல்லையாமே, வீட்டுக்குள் மெதுவாக நடக்கலாம், கனம் தூக்கக்கூடாது என்றுதானாம், பயத்தில் நீயாகத்தான் படுத்தே கிடக்கிறாய் என்று மாப்பிள்ளை வருத்தப்பட்டார். அவர் சொன்னதைக் கேள், என் பேச்சைக் கேட்காதே, டாக்டர் பேச்சைக் கேள். இராத்திரி வைக்கச் சொன்ன மருந்தை ஒரு நாளும் விடாதே. தண்ணீர் கசிந்தாலோ, இரத்தம் பட்டாலோ, அடிவயிறு இறுகிக் கனத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, யாருக்குத் தொந்தரவு என்று பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. முப்பத்தாறு, முப்பத்தேழு வாரத்தில் தையலைப் பிரிப்பார்களாம், அதுவரை வரும் செய்தியை எனக்கும் சொல்லுங்கள். முதல் ஆளாகச் சொல்ல வேண்டாம், உன் மாமியாருக்கு அடுத்தபடியாகச் சொன்னால் போதும். காலண்டரில் இனி நானே எழுதுகிறேன் என்று பென்சிலை வாங்கி வைத்துக்கொண்டேன்.

நீயும் உள்ளே இருக்கிறதும் நல்லபடியாக இருக்க வேண்டும், அதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. உன் அம்மாவின் ஆசீர்வாதமும் இதோடு, அவள் பக்கத்தில் நின்று படித்துவிட்டுத்தான் ஒட்டச் சொல்கிறாள். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. அந்தப் பெல்ட்டை இப்போது தொடாதே, தூக்கியும் போட்டுவிடாதே, பார்சலோடு அப்படியே பீரோவில் இருக்கட்டும். நாளைக்குப் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு வீடு முழுக்க நடக்கும்போது நிஜமாகவே உனக்கு முதுகு வலிக்கும், அன்றைக்குப் பிரி.

கோபம் தீராமல்,
உன் அப்பா