தங்கக்குழியில் தண்ணீர்

மேலே போய்ச் சேர்ந்தும் என் வாய்க்குத் தப்ப முடியாத அன்பு மச்சானுக்கு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். போன சந்தையன்று, நம் வெள்ளைக்கரட்டுக் குன்றில் கிடைத்த மினுக்குத் துகளைத் துண்டு முனையில் முடிந்துகொண்டு சேந்தமங்கலம் நகை ஆசாரியிடம் போனேன். அவர் அதை உள்ளங்கையில் கொட்டி ஊதினார். பறந்துவிட்டது. "காக்காப்பொன்னுங்க. கொழந்தைங்க பொம்மைக்கு ஒட்டலாமுங்க" என்றார். உங்கள் தங்கை பாவாயியிடம் புண்ணாக்கு வாங்கப் போனதாகச் சொல்லியிருக்கிறேன். அவள் கனவில் வந்தால் நீங்களும் அதையே சொல்லுங்கள். இது மூணாங் கிளாஸ் எழுத்து. விளங்காவிட்டால் அங்கே படித்தவர்கள் யாரையாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்பா இல்லாத வீட்டில், தங்கைக்கு மஞ்சள் செலவுக்கென்று நீங்கள் கொடுத்தீர்களே மஞ்சக்காணி, அந்தக் கதைதான் எழுத வந்தேன். கரட்டடியில் வெங்கச்சங்கல், அந்த வெள்ளைக்கல், பல்லைக் காட்டிக்கொண்டு கிடந்த மேட்டு நிலம். "பேரு மஞ்சக்காணி. கத்தாழ கூட மூஞ்சியச் சுளிக்குதுங்க மச்சான்" என்று கல்யாணமான நாளிலிருந்து ஓட்டினேன். நீங்களும் கூடச் சேர்ந்து சிரிப்பீர்கள்.

கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோதுதான் சிரிக்காமல் கேட்டீர்கள். "மாப்ள, கல்லக் குடுத்து ஏமாத்திட்டேன்னு பாவாயி வையறாளா?"

"வையாம இருப்பாளுங்களா? பல்லு வெளக்கறதுக்கு முன்னாலயே ஆரம்பிச்சுருவா" என்றேன்.

சும்மா சொன்னேன் மச்சான். அவள் ஒரு நாளும் வைததில்லை. நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். இருமலாலா, என் பேச்சாலா? அது தெரியாமல்தான் இவ்வளவு நாளும் உறுத்துகிறது.

பழங்குழிக்கு நேர் கீழே கிணறு வெட்டச் சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். நான்தான் கேட்கவில்லை. கரட்டு மேலே இருக்கும் குழிகள் பாண்டவர் வெட்டியவை, பாறையில் வரிசையாக இருக்கும் வட்டப் பள்ளங்கள் அவர்கள் சோறாக்கிய அடுப்பு என்றுதானே நாம் நினைத்திருந்தோம்? நம் பெண்கள் ஆடி நோன்புக்கு அங்கே பொங்கல் வைத்துப் படைத்ததும் அதனால்தான். போன வருசம் கல் பார்க்க வந்த ஆபீசர் வேறு கதை சொன்னார். அந்தக் காலத்து ஆட்கள் தங்கத்துக்காக வெங்கச்சங்கல்லை வெட்டி, அந்தப் பள்ளங்களில் போட்டு மாவாக இடித்திருக்கிறார்களாம். வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு கம்பெனியும் வந்து தோண்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. அவர்கள் கட்டிய செங்கல் மேடையில்தான் இன்று நம் ஆடுகள் ஏறிப் படுக்கின்றன.

இந்த மாசியில் பாவாயி ஒரே பிடியாக நின்றாள். "எங்கண்ணன் காட்டுன எடத்துல வெட்டுங்க. இல்லீன்னா நானே கடப்பாரையத் தூக்கறேன்."

கிணறு வெட்டும் மாரப்பனைக் கூட்டி வந்தேன். ஒரு நாள் அவன் போட்ட கடப்பாரை பாறைக்குள் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. ஓட்டை வழியாகச் சில்லென்று காற்று. ஓட்டையைப் பெரிதாக்கி, உள்ளே விளக்கை விட்டுப் பார்த்தோம். அணையவில்லை. இருவரும் தவழ்ந்து நுழைந்தோம்.

மச்சான், எனக்கு வாயடைத்துப் போனது. எனக்கு! நம்புவீர்களா?

சுவரெல்லாம் உளித்தடம். ஈரத்தலையைச் சீப்பால் வாரியது போல வரி வரியாக. வெள்ளைக்கல் ஒடுங்கிய இடத்தில் ஒடுங்கி, வளைந்த இடத்தில் வளைந்து அந்தக் காலத்து ஆட்கள் அதன் பின்னாலேயே போயிருக்கிறார்கள். நிமிர்ந்து உட்காரக்கூட உயரமில்லை. படுத்துக்கொண்டே வெட்டினார்களோ? விளக்கு வைக்க ஒரு சின்ன மாடம். அதற்கு மேலே கரி. கரியில் யாரோ விரலைத் துடைத்த தடம். என் விரலை அதில் வைத்துப் பார்க்கப் போனவன், மனசு வராமல் எடுத்துக்கொண்டேன். மாரப்பன் தலையில் கட்டியிருந்த உருமாலையை அவிழ்த்துவிட்டு, "கோயலாட்ட இருக்குதுங்க" என்றான்.

குடைந்த வழி சரிந்து இறங்கி முடிகிற கோடியில் தண்ணீர். அசைவே இல்லாத தண்ணீர். அதன் ஓரத்தில் ஒரு உருண்டை இடிகல், நாளைக்கு வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டுப் போனது போல. அவர்கள் இதற்கு மேல் போகாமல் விட்டது இந்தத் தண்ணீரால்தான் என்று எனக்குப் பட்டது. தங்கம் தேடி வந்தவர்களைத் துரத்திவிட்டு அது அங்கேயே இருந்திருக்கிறது. எத்தனை தலைமுறையாக? நான் என்னத்தைக் கண்டேன்!

இன்னும் ஓர் ஆள் ஆழம் வெட்டியதும் அந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் பீறிட்டுக் கிணற்றில் நிறைந்தது. முதல் குடத்தைப் பாவாயி யாருக்கும் தரவில்லை. உங்களைப் புதைத்த இடத்தில் கொண்டுவந்து ஊற்றினாள். "அண்ணா, இனி மஞ்ச வெளையுமுங்க" என்றாள். பக்கத்தில்தான் நின்றேன். ஒரு கிண்டலும் வாயில் வரவில்லை.

சித்திரையில் மஞ்சள் நடுகிறோம். முதல் வெட்டில் நல்ல கிழங்காகப் பார்த்து உங்கள் தலைமாட்டில் கொண்டுவந்து வைப்பேன், வாயை மூடிக்கொண்டு. இது சத்தியம்.

கரண்டு இன்னும் கரட்டுப் பக்கம் வரவில்லை. மாடு பூட்டிக் கவலையேற்றத்தில்தான் தண்ணீர் இறைக்கிறோம். நேற்றுத் தண்ணீர் மொள்ளும் சால் ஒன்றைக் கயிற்றில் மாட்டக் குனிந்தபோது, கல்யாணத்தன்று நீங்கள் என் விரலில் போட்ட மோதிரம் கழன்று உள்ளே விழுந்துவிட்டது. ஆகவே அந்தக் குழியில் இப்போது தங்கம் இருக்கிறது. தண்ணீர் வற்றினால் எடுத்துவிடலாம் என்கிறான் மாரப்பன். வற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
பாவாயியைக் கட்டிய உங்கள் வெறும்விரல் மாப்பிள்ளை